சுவாமிநாதனும் வேதபாட வகுப்பும்



ஆர். கே. நாராயணன் ஆங்கிலத்தில் எழுதி, 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த "சுவாமியும் சிநேகிதர்களும்" என்னும் நாவலைப் பற்றிப் பேச வந்துள்ளோம். தேவாரமும் திருவாசகமும் ஒலிக்கும் மேடையில் பத்து வயதுப் பையனின் குறும்புக் கதைக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்த இந்துப் பிள்ளைகளாகிய நமக்கு அக்கதை ஏறக்குறைய வீட்டுக் கதை. அதனாலேயே இந்த இடத்திற் பேசத் துணிந்தோம்.

நாராயணன் சென்னைப் புரசைவாக்கத்திலே பாட்டியார் வீட்டில் வளர்ந்து, லுத்தரன் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவர். அங்கே வேதபாட நேரம் இந்துக் கடவுளரைப் பரிகசிப்பதிற் கழிந்ததை 1974இல் வெளிவந்த தம் சுயசரிதையிற் சொல்லியிருக்கிறார். ஆகவே நாவலின் முதல் அத்தியாயத்தில் வரும் எபனேசர் வாத்தியார் வெறுங் கற்பனையல்லர்.

மால்குடி ஆல்பர்ட் மிஷன் பள்ளிக்கூடத்து வேதபாட வகுப்பு அது. உயிரற்ற மரப்பாவைகளை ஏன் கும்பிடுகிறீர்கள் என்று எபனேசர் கேட்கிறார். இயேசு வெண்ணெய் திருடினாரா, பெண்களோடு ஆடித்திரிந்தாரா என்று கண்ணனை இழுத்து வைத்து ஒப்பிடுகிறார். சுவாமிநாதனுக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்து கடவுளானால் மச்சமாமிசம் உண்டு மது அருந்தியது ஏன் என்று எழுந்து கேட்டுவிடுகிறான். வாத்தியார் இறங்கி வந்து அவன் காதைப் பிடித்துத் திருகுகிறார்.

முதன்முறை வாசித்தபோது நாம் கைதட்டாத குறைதான். பின்னர் ஆறுதலாக வாசித்தபோது வேறொன்று புலப்பட்டது. பையனின் கேள்வி அவன் வீட்டு அடுக்களையிலிருந்து வந்தது. பிராமண வீட்டுப் பிள்ளை, மாமிசம் உண்ணும் கடவுளை நினைத்தும் பார்த்ததில்லை, அவ்வளவே. கண்ணன் வெண்ணெய் திருடியதன் பொருள் என்னவென்று வாத்தியார் உண்மையாகவே கேட்டிருந்தால், பாவம், அவன் வாய் திறந்திருக்கமாட்டான். பாட்டி இரவிலே அரிச்சந்திரன் கதையைச் சொல்லத் தொடங்குகிறாள். பாதிக்கதையிற் குறட்டை கேட்கிறது. அந்தக் குறட்டையை நாராயணன் வேடிக்கையாகத்தான் எழுதினார். நமக்கோ அது எபனேசரின் பரிகாசத்தைக் காட்டிலும் அதிகமாக உறுத்தியது.

தகப்பனார் என்ன செய்கிறார்? தலைமையாசிரியருக்குக் காரசாரமான கடிதம் எழுதுகிறார். தலைமையாசிரியரோ, இதைத் தகப்பனாரிடம் கொண்டுபோனது புத்தியீனம் என்று பையனையே கடிந்துகொள்கிறார். கடிதம் எழுதிய கை மகனுக்கு ஒரு புராணக் கதையையாவது சொல்லிக்கொடுத்ததாக நாவலில் நாம் காணவில்லை. நம் நாட்டிலும் ஒருவர் மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். அவர் 1848இல் அவ்விடம் விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சியந்திரத்தையும் வசனநடையையும் பிரசங்க முறையையும் பாதிரிமார் கையாண்ட விதத்தைக் கண்டு, சைவத்துக்குப் பயன்படுத்தினார். நாவலர் பெருமானின் வழி கடிதம் எழுதும் வழியன்று.

ஆனால் நமக்கென்று பள்ளிக்கூடம் அமைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரையும் நாராயணன் எளிதில் விடுகிறாரில்லை. 1930இல் நடந்த மறியலிலே யன்னற் கண்ணாடிகளை உடைத்த சுவாமிநாதன் மிஷன் பள்ளியை விட்டோடி, போர்டு பள்ளிக்கூடத்திற் சேருகிறான். அங்கேயும் பிரம்புதான்! ஒருநாள் தலைமையாசிரியரின் பிரம்பைப் பறித்து யன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு ஓடுகிறான். பிள்ளையின் காதுக்கும் உள்ளங்கைக்கும் வாத்தியாரின் சமயம் தெரிவதில்லை.

நமது கண்டி நகரம் மிஷன் கலாசாலைகளின் நகரம். திரித்துவக் கல்லூரி 1872இலும் கிங்ஸ்வுட் 1891இலும் தோன்றின. சுற்றியுள்ள தோட்டங்களிலே, 1854இல் ஆரம்பித்த தமிழ்க் கூலி மிஷன் வைத்த பள்ளிக்கூடங்களில் அரிச்சுவடி தொட்ட நம் மூத்தோர் பலர். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சில தனியார் கலாசாலைகளாக நின்றன. நாம் படித்த பள்ளிக்கூடத்திலும் யானைமுகத்தைப் பற்றி நகைத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அங்கேயே, மாத்தளை முத்துமாரியம்மன் தேரன்று பரீட்சை வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்த கிறிஸ்தவ ஆசிரியரும் இருந்தார். முன்னவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

சுவாமிநாதனின் தோழர்களுள் சாமுவேல் என்றொரு சின்னப் பையன். உருவத்தைப் பார்த்துப் பட்டாணி என்று பட்டப்பெயர். இருவரும் கணக்கிலே சமமான மக்கு. இருவரையும் கட்டிப்போட்டது சிரிப்பு ஒன்றே. மணியின் முரட்டுத்தனமும் போலீஸ் சுப்பிரிண்டெண்டன் மகன் ராஜத்தின் மிடுக்கும் வாசகருக்கு நெடுநாள் நினைவிருக்கும், சாமுவேல் மறந்துபோவான். நமக்கு மட்டும் அவன் மறக்கவில்லை. பக்கத்து வாங்கில் அப்படியொருவனோடு பத்து வருஷம் இருந்து சிரித்தோம். பைபிள் வகுப்புக்கு அவனோடு போய், கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்கு அவனை அழைத்து வந்து, மோதகம் கொடுத்தோம். மோதகத்தைப் பற்றி அவன் கேட்ட கேள்விகளுக்கு மறுமொழி தேடித்தான் முதன்முதலாகப் புராணம் ஒன்றைப் பிரித்தோம்.

அதனாற் காரியதரிசி அவர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த தவணை ஞாயிறு அறநெறி வகுப்பிலே கண்ணன் வெண்ணெய் திருடிய கதையை எடுக்கும்போது, மனனஞ் செய்யச் சொல்லாமல், பிள்ளைகள் எபனேசரைப் போலவே துடுக்காகக் கேள்வி கேட்க அரைமணி நேரம் விடவேண்டும். மறுமொழி சொல்ல இரண்டு வாலிபர்களைத் தருகிறோம். அவர்களுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்கப் பெரியோர் ஒருவரும் கூட இருக்கவேண்டும். நாவலின் பிரதியொன்றை இன்று சங்க நூல்நிலையத்திலே சேர்க்கிறோம். அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கிறது. பக்கங்கள் எல்லாம் உண்டு.