இலவசம்னா, யாருக்கு இலவசம்?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது இதுதான்: "வேலையை விட்டுட்டுத் தனியா கன்சல்டிங் ஆரம்பிக்கப் போறேன். டூல்ஸுக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கணும்?" இன்னைக்கு அதைப் பேசிடுவோம்.

நான் வண்டியூர்ல வீட்டு மாடியில உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். இலந்தைக்குளம் எல்காட் ஐடி பார்க் பக்கத்துலதான் இருக்கு. அங்க வேலை பார்க்கிறவங்களுக்கு லேப்டாப், லைசென்ஸ் எல்லாம் கம்பெனி கொடுத்துடும். நமக்கு அந்தக் கம்பெனியும் நாமதான்.

முதல் பெரிய கிளையண்ட் கிடைச்சப்போ, ஒப்பந்தத்துல ஒரு வரி இருந்துச்சு: இந்த வேலைக்குப் பயன்படுத்துற எல்லா மென்பொருளுக்கும் முறையான உரிமம் என்கிட்ட இருக்குன்னு நான் உறுதி கொடுக்கணும். கையெழுத்துப் போடப் போன கை அப்படியே நின்னுடுச்சு. நான் வச்சிருந்த எடிட்டர், காலேஜ் மெயில் ஐடியில வாங்கின மாணவர் லைசென்ஸ். காலேஜ் முடிஞ்சும் அது ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஆனா படிப்புக்கு மட்டும்தான்னு அதோட விதியிலயே தெளிவா போட்டிருந்தது. அதுக்கு முன்னாடி ரெண்டு சின்ன வேலையை அதுலயே முடிச்சிருந்தேன். அது தப்பு, என் தப்புதான். ரெண்டு நாள் டைம் கேட்டு, வேற எடிட்டருக்கு மாறினதுக்கு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த அட்வான்ஸை நம்பித்தான் தங்கச்சியோட செமஸ்டர் ஃபீஸ் இருந்துச்சு. அந்த ரெண்டு நாளும் நான் சரியா தூங்கல.

அதுல இருந்து எந்த டூலைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "இலவசமா?" இல்லை. "யாருக்கு இலவசம்?"

சில உதாரணம் சொல்றேன். ஜெட்பிரெயின்ஸ் 2024 அக்டோபர்ல வெப்ஸ்டார்ம், ரைடர் ரெண்டையும் இலவசமாக்குனாங்க. ஆனா வணிகம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். கத்துக்கிட்டா இலவசம், காசு வாங்கிட்டு கோட் எழுதினா கட்டணம். அதே சமயம் விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியைத் தனிநபர் டெவலப்பர் சம்பாதிக்கிற வேலைக்கும் பயன்படுத்தலாம். ரெண்டுமே "ஃப்ரீ"தான். விதி வேற வேற.

ரெண்டாவது கேள்வி: இது எனக்கு எத்தனை மணி நேரம் திருப்பிக் கொடுக்கும்? ஒரு டூல் மாசம் 10 டாலர், டாலர் 90 ரூபாய்னு வச்சுக்குவோம். 900 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தா 1,062. உங்க ஒரு மணி நேரம் 600 ரூபாய்னா, மாசத்துக்கு ரெண்டு மணி நேரமாவது மிச்சமாகணும். மிச்சமான நேரத்தை வேற வேலையில பில் போடணும், அப்பத்தான் கணக்கு நேராகும். இல்லைன்னா அது ஓய்வு. ஓய்வும் நல்லதுதான், ஆனா அதுக்கு முதலீடுன்னு பேர் வைக்காதீங்க.

"செலவுதானே, வரியில கழிச்சுக்கலாம்"னு ஒரு நினைப்பு இருக்கும். நம்மள்ல பல பேர் உத்தேச வருமான முறையிலதான் வரி கட்டுறோம். அதுல வரவுல பாதியை லாபம்னு எடுத்துக்குவாங்க. டூல் செலவு மீதிப் பாதிக்குள்ளயே அடங்கிடும், தனியா கழிக்க முடியாது. அதனால தேவையில்லாம கட்டுற ஒவ்வொரு சந்தாவும் முழுசா உங்க பாக்கெட்ல இருந்துதான் போகுது. கிளையண்ட் ஒரு குறிப்பிட்ட டூல்தான் வேணும்னு சொன்னா, கொட்டேஷன்ல தனி வரியா போடுங்க. கூச்சமே வேண்டாம்.

மூணாவது கேள்வி: நாளைக்கு இதை விட்டுட்டு வெளிய வர முடியுமா? டாக்கர் டெஸ்க்டாப் 2021 ஆகஸ்ட்ல விதியை மாத்துனாங்க. 250 பேருக்கு மேல வேலை பார்க்கிற கம்பெனிகளும், வருஷ வருமானம் ஒரு கோடி டாலருக்கு மேல போற கம்பெனிகளும் காசு கட்டணும்னு ஆச்சு. நம்மள மாதிரி தனி ஆளுங்க தப்பிச்சோம். ஆனா கோட்டை எங்க போடுறதுங்கிறது அவங்க கையில இருக்குங்கிறதை மறந்துடக் கூடாது. அதனால நான் முக்கியமானது எல்லாத்தையும் கிட்லயும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்லயும் வச்சிருக்கேன். எந்த எடிட்டர்ல வேணாலும் திறக்கும். காசு கொடுத்து வாங்குறதா இருந்தாலும் இதையே பாருங்க. ஜெட்பிரெயின்ஸ்ல ஒரு வருஷம் முழுசா கட்டினா, அந்த வருஷத் தொடக்கத்துல இருந்த பதிப்பு நிரந்தரமா உங்களுக்கே. சந்தாவை நிறுத்தினாலும் வேலை நிக்காது.

கடைசியா ஒரு சின்னப் பழக்கம். ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆட்டோ டெபிட்ல காசு எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே உங்களுக்கு மெசேஜ் வரணும். 2021 அக்டோபர்ல இருந்து இதைக் கறாரா நடைமுறைப்படுத்துறாங்க. நம்மள்ல பாதிப் பேர் அந்த மெசேஜைப் பார்க்காமலே தள்ளி விட்டுடுறோம். இனிமே அது வந்தா ஒரு நிமிஷம் நின்னு, "போன மாசம் இதைத் திறந்தேனா?"ன்னு கேளுங்க. இல்லைன்னா அன்னைக்கே நிறுத்திடுங்க.

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: முதல் மூணு மாசம் பூஜ்யம். இலவசமா, அதுவும் உங்களுக்கு இலவசமா இருக்கிறதை வச்சு ஆரம்பிங்க. எந்த இடத்துல நேரம் வீணாகுதுன்னு வேலையே காட்டிக் கொடுக்கும். அங்க மட்டும் காசு போடுங்க.

நீங்க கட்டுற சந்தாவுல எது உண்மையிலேயே உதவுது, எது சும்மா ஓடுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.