கோப்லண்ட்: ஒரு கப்பல், ஒரு மனிதர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் முதல் நாள் மாலை ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்தது.)

 

போன மாதம் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, கொஞ்ச நேரம் பேசணும். கம்பெனிப் பெருமை வேண்டாம், வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். உனக்குப் பிடிச்சதைப் பத்திப் பேசு" என்றார். எனக்குப் பிடித்தது பழைய கப்பல்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு பாய்லர் பக்கமே பிழைப்பு நடத்துகிறவன் நான். நீராவியில் ஓடிய கப்பல் என்றால் விட மாட்டேன்.

முதலில் ஒரு கேள்வி. நம்ம ஹாஸ்டல் பிளாக் ஒவ்வொன்றுக்கும் ஒருத்தர் பெயர் இருக்கிறது. நாலு வருஷம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் லெட்டர் வாங்கினோம், மெஸ் பில் கட்டினோம். அவர் யார், என்ன செய்தார் என்று நம்மில் ஒருவராவது விசாரித்தோமா? நான் விசாரிக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு ஒரு பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஃபிரிகேட் என்பது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். மற்றக் கப்பல்களுக்குத் துணையாகப் போவதும், நீர்மூழ்கிகளைத் தேடுவதும் அதன் முக்கிய வேலை. நம் நாட்டு ஃபிரிகேட்டுகளுக்கு மலை, ஆறு, ஆயுதம் என்று பெயர் வைப்பார்கள்: நீலகிரி, கோதாவரி, தல்வார். அமெரிக்கக் கடற்படையில் வழக்கம் வேறு. அங்கே ஃபிரிகேட்டுக்கு மனிதர்களின் பெயர் வைத்தார்கள். ஆலிவர் ஹசார்ட் பெர்ரி வகுப்பு என்று 1970களின் கடைசியிலிருந்து அவர்கள் தங்களுக்காகக் கட்டிய கப்பல்கள் 51. இரண்டு கேஸ் டர்பைன், ஒரே ஒரு புரொப்பல்லர். சிக்கனமான டிசைன். அந்த வரிசையில் 25-ஆம் எண் கொண்ட கப்பல் 1982 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. அதன் பெயர் யு.எஸ்.எஸ். கோப்லண்ட்.

யார் இந்தக் கோப்லண்ட்?

ராபர்ட் கோப்லண்ட் 1910-ல் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்ற ஊரில் பிறந்தவர். தொழில், வக்கீல். கடற்படையில் ரிசர்வ் ஆள். அதாவது தன் தொழிலைப் பார்த்துக்கொண்டே பயிற்சிக்குப் போய்வருகிறவர். போர் நெருங்கியபோது, 1940-ல், முழுநேரப் பணிக்கு அழைத்துக்கொண்டார்கள். சின்னச் சின்னக் கப்பல்களை நடத்திப் பழகிய பிறகு, 1944 ஏப்ரலில் ஒரு புதுக் கப்பலை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதன் பெயர் சாமுவேல் பி. ராபர்ட்ஸ்.

அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. சாமுவேல் ராபர்ட்ஸ் அதிகாரி இல்லை, படகோட்டி. 1942 செப்டம்பரில் குவாடல்கனால் தீவில் மாட்டிக்கொண்ட மரீன் வீரர்களை மீட்கப் போனபோது, எதிரியின் குண்டுகள் மற்றப் படகுகள் பக்கம் போகாமல் இருக்கத் தன் படகைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தியவர். அந்தக் காயத்திலேயே இறந்தார்.

கோப்லண்டின் கப்பல் டெஸ்ட்ராயர் எஸ்கார்ட் என்ற வகை. 306 அடி நீளம். 5 அங்குலப் பீரங்கி இரண்டு, டார்பிடோ மூன்று. டிசைன் வேகம் 24 நாட். நீர்மூழ்கிகளை விரட்டக் கட்டிய கப்பல். பெரிய போர்க்கப்பலோடு மோதுவதற்கு இல்லை. மாலுமிகளில் பலர் அதற்குமுன் கடலையே சரியாகப் பார்க்காதவர்கள்.

பணியில் சேர்ந்து ஆறே மாதம். 1944 அக்டோபர் 25 காலை, பிலிப்பைன்ஸில் சமர் தீவுக்குக் கிழக்கே இந்தக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. கூட இருந்தவை ஆறு சிறிய விமானந்தாங்கிக் கப்பல்கள், மூன்று டெஸ்ட்ராயர்கள், இன்னும் மூன்று எஸ்கார்ட்டுகள். பெரிய அமெரிக்கக் கப்பல்கள் எல்லாம் வடக்கே போய்விட்டன. அந்த நேரத்தில் அடிவானத்தில் ஜப்பானியக் கப்பல்கள் தெரிந்தன. நாலு பெரும் போர்க்கப்பல்கள், ஆறு கனரக குரூசர்கள், இரண்டு இலகு ரகக் குரூசர்கள், 11 டெஸ்ட்ராயர்கள். அதில் யமாட்டோவும் ஒன்று. அதன் பீரங்கி வாய் 46 சென்டிமீட்டர். உலகத்திலேயே அதைவிடப் பெரிய பீரங்கி எந்தப் போர்க்கப்பலிலும் இருந்ததில்லை.

விமானந்தாங்கிகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் யாராவது எதிரியை நோக்கிப் போய்த் தடுக்க வேண்டும். டெஸ்ட்ராயர்களுக்கு முதலில் டார்பிடோ தாக்குதல் உத்தரவு வந்தது. எஸ்கார்ட்டுகள் பிறகு சேர்ந்து போகலாம் என்று ஏற்பாடு. மற்ற எஸ்கார்ட்டுகள் அணி சேர்வதற்குக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பார்த்த கோப்லண்ட், டெஸ்ட்ராயர்களுக்குப் பின்னாலேயே தன் கப்பலைத் திருப்பினார்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். திருப்பிய கையோடு ஒலிபெருக்கியில் கப்பல் முழுவதற்கும் பேசினார். எதிரே வருவது எவ்வளவு பெரிய படை என்று சொன்னார். இந்தச் சண்டையில் பிழைப்போம் என்று எதிர்பார்க்க முடியாது, முடிந்த அளவு சேதம் உண்டாக்குவோம் என்றார். அவ்வளவுதான். "கவலைப்படாதீங்க, உதவி வந்துகொண்டிருக்கிறது" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கீழே எஞ்சின் ரூமில் இருந்தவர்களுக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. நாலு பக்கமும் இரும்பு, மேலே நீராவிக் குழாய். கப்பலில் அடி விழுந்தால் முதலில் வேகப்போவது அவர்கள்தான். அந்த அறிவிப்பு அவர்களுக்கும் கேட்டது. தலைமை எஞ்சினியர் டிரோபிரிட்ஜ் என்பவர். 440 பவுண்டு பிரஷருக்கு டிசைன் செய்த பாய்லரை 660 வரைக்கும் ஏற்றினார் என்று பதிவாகியிருக்கிறது. 24 நாட் கப்பல் 28 நாட்டுக்கு மேல் ஓடியது.

இங்கே பாய்லர்க்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முகம் போகிற போக்கு தெரிகிறது! தயவுசெய்து நாளைக்கு யாரும் சேஃப்டி வால்வைக் கட்டிப்போட்டுவிட்டு என் பேரைச் சொல்லாதீங்க. சாதாரண நாளில் அப்படிச் செய்தால் அது குற்றம். அன்று அவர்கள் தெரிந்தே செய்தார்கள். அந்தத் "தெரிந்தே" என்ற வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

புகைத்திரையிலும் மழையிலும் மறைந்து, ஒரு கனரக குரூசருக்கு மிக அருகே போய் மூன்று டார்பிடோவையும் விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டே பீரங்கிகளை வைத்துக்கொண்டு சண்டை. 600-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். பின்பக்கப் பீரங்கிக்குப் பொறுப்பு பால் ஹென்றி கார் என்ற இளைஞர். அவரிடம் இருந்த 325 குண்டுகளில் 324 சுட்டு முடித்தார்கள்.

ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழாய்க்குள் மிஞ்சும் நெருப்பை அழுத்தக் காற்றால் ஊதி வெளியேற்ற வேண்டும். கப்பல் அடிபட்டதும் அந்தக் காற்று நின்றுபோயிற்று. அப்படியே மருந்தைத் திணித்தால் மூடுவதற்குள் வெடிக்கலாம். தெரிந்தும் கையால் திணித்துச் சுட்டார்கள். கடைசியில் அது வெடித்தது. உள்ளே போய்ப் பார்த்தபோது, வயிறு கிழிந்த நிலையில் 25 கிலோ எடையுள்ள கடைசிக் குண்டைக் கையில் ஏந்திக்கொண்டு, இதைத் திணிக்க உதவி செய்யுங்கள் என்று கேட்டாராம் கார். சற்று நேரத்தில் இறந்தார்.

ஜப்பானியப் பெரும் போர்க்கப்பலின் குண்டுகள் ராபர்ட்ஸின் பக்கவாட்டைப் பிளந்தன. பத்து மணி வாக்கில் கப்பல் மூழ்கியது. 90 பேர் இறந்தார்கள். 120 பேர் மூன்று மிதவைகளைப் பிடித்துக்கொண்டு 50 மணி நேரம் கடலில் கிடந்தார்கள். அவர்களில் கோப்லண்டும் ஒருவர். இதற்கிடையே ஜப்பானிய அட்மிரல் குரிடா, எதிரில் இருப்பது பெரிய படை என்று எண்ணித் தன் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆறு விமானந்தாங்கிகளில் துப்பாக்கிச் சண்டையில் மூழ்கியது ஒன்று. பிறகு தற்கொலை விமானம் மோதி இன்னொன்று. மற்ற நாலும் தப்பின.

கோப்லண்ட் தன் அறிக்கையில், இப்படிப்பட்டவர்களுக்குத் தலைமை தாங்கியதைவிடப் பெரிய கௌரவம் வேறில்லை என்று எழுதினார். போர் முடிந்ததும் டகோமாவுக்குத் திரும்பி மறுபடி வக்கீல் வேலை. ரிசர்வில் ரியர் அட்மிரல் வரை உயர்ந்து, 1973-ல் காலமானார்.

அந்த ஒரு சின்னக் கப்பலிலிருந்து மூன்று ஃபிரிகேட்டுகளுக்குப் பெயர் கிடைத்தது. 1982-ல் கேப்டன் பெயரில் கோப்லண்ட். 1985-ல் பீரங்கிக்காரர் பெயரில் கார். 1986-ல் மறுபடி சாமுவேல் பி. ராபர்ட்ஸ். கேப்டனுக்கும் படகோட்டிக்கும் பீரங்கிக்காரருக்கும் ஒரே வகுப்பில், ஒரே அளவில் கப்பல்.

மூன்றாவது கப்பல் 1988 ஏப்ரல் 14 அன்று பாரசீக வளைகுடாவில் கண்ணிவெடியில் மோதியது. எஞ்சின் ரூமில் வெள்ளம், கப்பலின் முதுகெலும்பு முறிந்த நிலை. விரிசல் விட்ட மேல்கட்டைக் கம்பி வடத்தால் இழுத்துக் கட்டி, மணிக்கணக்கில் போராடிக் கப்பலைக் காப்பாற்றினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. 1944-ல் பணியாற்றியவர்களின் பெயர்களைப் பொறித்த தகடு ஒன்று அந்தக் கப்பலில் இருந்தது. அன்றைக்கு ஓடுகிற ஓட்டத்தில் மாலுமிகள் அதைத் தொட்டுவிட்டுப் போனார்களாம்.

சரி, நம்ம கோப்லண்ட் என்ன ஆயிற்று? 14 வருடம் ஓடிய பிறகு 1996-ல் எகிப்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அதற்கு முபாரக் என்று அதிபரின் பெயரை வைத்தார்கள். 2011-ல் அவர் ஆட்சி போயிற்று, கப்பலிலிருந்து அந்தப் பெயரும் போயிற்று. பிறகு அலெக்சாண்ட்ரியா. கப்பல் ஒன்றுதான், பெயர் மூன்று. பழைய ராபர்ட்ஸை 2022-ல் கண்டுபிடித்தார்கள். 6,800 மீட்டருக்கும் கீழே, இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

இதையெல்லாம் ஏன் இங்கே சொல்கிறேன்?

எனக்கு 27 வயதில் ஒரு ஆலையில் ஷிஃப்ட் எஞ்சினியர் வேலை. ஒரு நைட் ஷிஃப்டில் ஸ்டீம் லைனில் பிரஷர் குறைக்கும் வால்வு சரியாக வேலை செய்யவில்லை. முள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே கேட்டேன். காலை வரைக்கும் ஓட்டு, நிறுத்தாதே என்றார்கள். ஆபரேட்டர்கள் வந்து, "சார், சத்தம் ஒரு மாதிரியா இருக்கே?" என்று கேட்டார்கள். நான், "ஒண்ணும் இல்லண்ணே, சின்ன விஷயம், ஓட்டுங்க" என்றேன். பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குத்தான் பயம். மூன்று மணிக்கு ஃபிளாஞ்ச் கேஸ்கட் பிய்த்துக்கொண்டது. அந்தப் பக்கமாக வால்வு திருப்பப் போனவருக்கு வலது கை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் அப்பா வயசு அவருக்கு. மெதுவாகச் சொன்னார்: "சார், சொல்லியிருந்தா ஓட்ட மாட்டேன்னா சொல்லியிருப்போம்? ஓட்டியிருப்போம். நான் கையுறை போட்டுக்கிட்டு, சுத்திக்கிட்டு அந்தப் பக்கமா போயிருப்பேன். அவ்வளவுதான் சார்."

இரண்டு மாதத்தில் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. பல வருடம் கழித்து கோப்லண்டின் கதையைப் படித்தபோது ஒலிபெருக்கி வந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு அவருக்கு வயது 34. எனக்கு இப்போது 36. டிரோபிரிட்ஜ் பாய்லரை ஏற்றியது தெரிந்தே. கார் குண்டைத் திணித்தது தெரிந்தே. என் ஆபரேட்டர் அந்த ஃபிளாஞ்ச் பக்கம் போனது தெரியாமல். வித்தியாசம் நான்.

இன்றைக்கு என் கீழே நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு நிமிடம் நிற்க வைத்து, எது சரியில்லை என்று எனக்குத் தெரிந்த அத்தனையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாததையும் தெரியாது என்று சொல்கிறேன். மேலதிகாரிகளுக்கு இது பிடிப்பதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். நம் ஆட்கள் கஷ்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை ஐயா. சொல்லாமல் விடுவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

நம் பெயரில் யாரும் கப்பல் விடப்போவதில்லை. விட்டாலும் நாளைக்கு விற்று வேறு பெயர் எழுதிவிடுவார்கள், பார்த்தோமே! ஆனால் நாம் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒருத்தர் ஒரு வால்வைத் திருப்பப் போகிறார். அந்த வார்த்தை நிஜமாக இருந்தால் போதும்.

இன்று மத்தியானம் வந்ததும் முதல் வேலையாக என் பழைய ஹாஸ்டல் பிளாக்குக்குப் போய்க் கல்வெட்டைப் படித்துவிட்டு வந்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் போகிற வழிதான். நீங்களும் ஒரு நிமிஷம் நின்று படித்துவிட்டுப் போங்கள்.