கூலி வேலைக்கு வந்தவங்க பிள்ளையும் நம்ம ஊர்ப் பிள்ளைதான்!

(விருத்தாசலம் தெருமுனைக் கூட்டத்தில் தோழர் ஆற்றிய உரையிலிருந்து)



நம்ம ஊர் பீங்கான் ஊர். சூளைச் சூட்டுல உழைச்சவங்க ஊர். கூலிக்காரன் பிள்ளையோட கஷ்டம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வடமாநிலத்துலேருந்து வந்த குடும்பங்கள் இன்னைக்குத் தமிழ்நாடு முழுக்க இருக்கு. அவங்க பிள்ளைங்க இங்கேயே பிறக்குது, நம்ம பிள்ளைங்களோட தெருவுல விளையாடுது. ஆனா அந்தப் பிள்ளைக்கு நாம வச்ச பேர் என்ன? "வடக்கன் புள்ள".

நமக்கும் இப்படி ஒரு பேர் வச்சாங்க தோழர்களே. இங்கேருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியா போன நம்ம மக்களைக் "கள்ளத்தோணி"ன்னு ஏசினாங்க. 1948 குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கானவங்களை நாடற்றவங்களா ஆக்குச்சு. அந்த மண்ணுலேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அதே கதி! 1964-ல சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு ஆடு மாடு மாதிரி பங்கு பிரிச்சாங்க. மிச்சமிருந்தவங்களுக்குக் குடியுரிமை தர 2003-லதான் சட்டம் வந்துச்சு. 55 வருஷம்! அந்த வலி தெரிஞ்ச நாம, இன்னொரு கூலிக்காரன் பிள்ளையை அந்நியன்னு சொல்லலாமா?

"நம்ம வேலை போகுதே"ன்னு கேக்குறீங்க. நியாயமான கவலை. ஆனா குறைஞ்ச கூலிக்கு ஆள் தேடுறது யாரு? முதலாளி. ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் குறையாத கூலி தரணும்னு 1979-லேயே சட்டம் போட்டிருந்தாங்க. அந்தச் சமக் கூலியைக் கேட்டு ரெண்டு பேரும் சேர்ந்து போராடணும். பள்ளிக்கூடம் போற பிள்ளை மேல கோபப்பட்டு என்ன ஆகும்?

நாங்க சலுகை கேக்கல. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கறதைத்தான் கேக்குறோம்:

✊ இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை – பிரிவு 9.

✊ மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது – பிரிவு 5.

✊ வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது – பிரிவு 14.

✊ பிள்ளையை மனதளவில் துன்புறுத்தக் கூடாது – பிரிவு 17. பேர் சொல்லி இழிவுபடுத்தறதும் துன்புறுத்தல்தான்!

உங்க தெருவுல 6 முதல் 14 வயசுல பள்ளிக்கூடம் போகாத பிள்ளை இருந்தா, பெத்தவங்களோட நீங்களும் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போங்க. இந்தப் பிரிவுகளைத் தலைமையாசிரியர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க. மறுத்தா கிளைத் தோழர்கள்கிட்ட சொல்லுங்க, கூட வருவோம்.

நம்ம மண்ணுல எந்தப் பிள்ளையும் அந்நியன் இல்லை!