ஆங்கிலச் சொற்பயிற்சி
(சங்கத்துக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்துக் குடும்பங்களில் அமெரிக்க சர்வகலாசாலைகளை நாடும் பிள்ளைகள் பலர். ஜி.ஆர்.ஈ. என்னும் பரீட்சையைச் சில கலாசாலைகள் இப்பொழுது கேட்பதில்லையாயினும், கேட்பனவும் உள. அதன் கணக்குப் பகுதிக்கு நம்மவர் அஞ்சுவதில்லை. அஞ்சுவது ஆங்கிலச் சொற்களுக்கே. தமையன் வைத்துச் சென்ற மூவாயிரஞ் சொல் அட்டவணையைத் தம்பி எடுத்து, அகர வரிசையாக உருப்போடத் தொடங்குகிறான். அவ்வுழைப்பிற் பெரும்பகுதி வீண் என்று நாம் கருதுகிறோம்.

அவ்வட்டவணை பழைய பரீட்சைக்கு ஏற்பட்டது. ஒரு சொல்லைத் தனியே நிறுத்தி அதன் எதிர்ச்சொல் யாதென வினவும் முறை முன்பு இருந்தது. 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது நீக்கப்பட்டது. 2023 செப்டம்பரிற் பரீட்சை முழுவதுமே இரண்டு மணி நேரத்துக்குட் சுருங்கிற்று. இப்பொழுது ஆங்கிலப் பகுதியில் 27 வினாக்கள். காலம் 41 நிமிஷம். சொல்லறிவை நேரே சோதிப்பவை வாக்கியத்தில் விடுபட்ட இடத்தை நிரப்பும் வினாக்களே. அவற்றுள் ஒருவகையில், ஆறு சொற்களினின்று வாக்கியத்துக்கு ஒரே கருத்தைத் தரும் இரண்டைப் பொறுக்க வேண்டும். ஒன்று சரியாகி மற்றொன்று பிழைத்தால், பாதி மதிப்பெண்ணும் இல்லை.

நம் உறவினில் ஒரு சிரஞ்சீவி, பத்தாம் வகுப்புவரை தமிழிற் பயின்றவன், ஒரு பயிற்சி நிலையத்திற் பணங்கட்டி நாளொன்றுக்கு நூறு சொல் உருப்போட்டான். ‘சாங்குவின்’ என்பதன் பொருளைக் கேட்டோம். “இரத்தம்” என்றான். லத்தீன் மூலம் அதுதான், பொருள் அதுவன்று. நமது வைத்தியர் வாத பித்த சிலேத்துமம் என்றாற்போல, மேனாட்டுப் பழைய வைத்தியர் உடலில் நான்கு நீர்கள் உண்டென்றும், இரத்தம் மிக்கவன் உற்சாகமும் நன்னம்பிக்கையும் உடையவனென்றும் கருதினர். அதனின்று அச்சொல்லுக்கு ‘நல்லதே நிகழுமென நம்புகின்ற’ என்னும் பொருள் வந்தது. அதன் உடன்பிறப்பாகிய ‘சாங்குவினரி’யோ கொலைவெறியைக் குறிக்கும். ‘எனர்வேட்’ என்பதை ‘எனர்ஜி’யின் ஒலிகொண்டு ஊக்கமூட்டுதல் என்றான். உண்மையில் அது வலிமையைப் போக்குதல். நரம்பை உருவிவிடுதல் என்பதே அதன் மூலக்கருத்து.

மாதிரித் தேர்வில் அவன் தாழ்ந்தபோது, “தமிழிற் படித்தவனுக்கு இவ்வளவுதான்” என்று அந்நிலையத்தார் கூறினராம். பிள்ளையும் அதை நம்பிவிட்டான். பணம் போனதைவிட இதுவே நமக்கு வருத்தம்.

எளிய சொற்களும் ஏமாற்றும். ‘சாங்ஷன்’ என்பது அனுமதியுமாம், தண்டனையாக விதிக்குந் தடையுமாம். எது என்பதை வாக்கியமே காட்டும். சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி, ஒரு சொல்லின் பல பொருளையே கூறுவது. நம் முன்னோர் அதனை உருப்போட்டதோடு நில்லாது, செய்யுட்களையும் ஆசிரியரிடம் பாடங்கேட்டனர். ஆதலின் உருப்போடுதலை நாம் இகழவில்லை. துணையின்றி உருப்போடுவதையே வேண்டாமென்கிறோம்.

நிற்க. செய்யத்தக்கது யாதெனின், நாடோறும் நல்ல ஆங்கிலக் கட்டுரையொன்றைப் படித்து, தெரியாத சொற்களிற் பத்துக்கு மேற்படாமல் எடுத்து, ஒவ்வொன்றையும் அது வந்த வாக்கியத்தோடு ஓர் அட்டையில் எழுதுக. பின்புறம் பொருளைத் தமிழில் எழுதுக. மறுநாளும், மூன்று நாள் கழித்தும், வாரங் கழித்தும் பொருளை மறைத்துச் சொல்லிப் பார்க்க. கற்றது எத்துணை விரைவில் மறக்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்னும் ஜர்மானியர் 1885-இல் தம்மையே சோதித்து எழுதினார். சொன்ன அட்டையைத் தள்ளி வைத்து, தவறியதை முதற்பெட்டிக்கு மீட்கும் முறையை 1972-இல் லைட்னர் என்பவர் பரப்பினார். ஐந்து பழைய அட்டைப்பெட்டிகள் இருந்தாற் போதும், செலவில்லை.

வினவுவோருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதுமில்லை. மேற்சொன்ன பிள்ளை இரண்டு மாதமாக இவ்வாறு பயில்கிறான், பரீட்சை இனித்தான். மாலையில் அவன் சொல்லைப் படிக்க, அவனுடைய பாட்டியார் அட்டையின் பின்புறத்தைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு சரிபார்க்கிறார். சென்ற வாரம் அவன் ‘எனர்வேட்’ என்று வாய்திறந்த மாத்திரத்தில், அட்டையைப் பாராமலே, “நரம்பை உருவுகிறதுதானே, அப்பா?” என்று அவர் முந்திக்கொண்டார்.