மலைச்சாலையும் மனச்சான்றும்

(புனேயில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே மரபு. அம்மேடையில் நின்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இது பொருத்தமற்ற பொருள் என்று எவரேனும் கருதுவாராயின், அவர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். நம் இளைஞர் பிரிவினர் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் அளித்திருக்கின்றனர். மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், சங்கத்தின் பெயரால், மோட்டார் சைக்கிள்களில் லோனாவாலா சென்று, கண்டாலா மலைவழியே கோபோலி வரை இறங்கித் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இதில் செயற்குழுவின் கருத்து இரண்டாகப் பிரிந்தது. “வேண்டவே வேண்டாம்” என்றனர் சிலர். “இளமையைத் தடுப்பானேன்?” என்றனர் வேறு சிலர். இரு சாராரும் நம்மைப் பேசச் சொன்னார்கள். ஒரு காலத்தில் அதே சாலையில் அதே வேகத்தில் சென்றவர் நாம் என்பது அவர்களுக்குத் தெரியும் போலும்.

முதற்கண் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மலைச்சாலையில் மோட்டார் சைக்கிள் செலுத்துவது பேரின்பம். வண்டி ஒருபுறம் சாய, மறு வளைவில் எதிர்ப்புறம் சாய, பள்ளத்தாக்கு விரிந்து மறைய, உடலும் பொறியும் ஒன்றாகி இயங்கும் அந்தச் சுவையை அறியாதவர் அதைப் பழித்தல் எளிது. நம் தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. 1955-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட் வண்டி இமயம் வரை ஏறியது. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளைக் காண்பதற்கென்றே இன்று நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் வருகின்றனர். இந்த இன்பத்தைக் குற்றம் என்று கூற நாம் வரவில்லை. அந்த இன்பத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்கவே வந்தோம்.

1988-ஆம் ஆண்டு நடந்ததொன்றைச் சொல்கிறோம். இதுகாறும் நம் இல்லத்தாரன்றிப் பிறர் அறியாதது. நாமும் நம் தோழர் ஒருவரும் ஆளுக்கொரு வண்டியில் கோபோலியிலிருந்து கண்டாலாவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். தோழர் முன்னே சென்றார். அவரை எட்டிப் பிடிக்க வேண்டும் என்பதன்றி வேறு நினைவே நமக்கில்லை. 2020-இல் இடிக்கப்பட்ட அமிர்தாஞ்சன் பாலத்துக்குச் சற்றுக் கீழே, வலப்புறமாகத் திரும்பும் ஒரு வளைவு. உட்புறத்தில் பாறை மறைத்தது. நடுக்கோட்டை ஒட்டி வண்டியை வலப்புறம் சாய்த்தோம். சக்கரங்கள் கோட்டுக்கு இப்பால்தான் இருந்தன. ஆனால் நம் தலையும் தோளும் கோட்டுக்கு அப்பால், எதிரே வருபவருக்குரிய இடத்தில் இருந்தன.

எதிரே ஒரு ஸ்கூட்டர் இறங்கி வந்தது. நடுத்தர வயதினர் ஒருவரும் பின்னே அவர் மனைவியும் அமர்ந்திருந்தனர். நம்மைக் கண்டு அவர் திடுக்கிட்டு இடப்புறம் ஒதுங்கினார். வண்டி பாறையோரத்து நீர்வாய்க்காலில் சரிந்தது. நாம் அவர்களைத் தொடவில்லை. நம் வண்டியில் ஒரு கீறலும் இல்லை. வளைவு கடந்து நிறுத்தி, ஓடி வந்து பார்த்தபோது அந்த அம்மையாரின் வலக்கை முறிந்திருந்தது. வலியிலும் அவர் நம்மை நோக்கி மராத்தியில் கேட்ட முதற் கேள்வி, “தம்பி, உனக்கு அடி ஒன்றும் படவில்லையே?” என்பதுதான்.

அவ்வழியே வந்த ஒரு லாரியில் அவர்களை லோனாவாலாவுக்கு அனுப்பினோம். எவரும் புகார் எழுதவில்லை. சாலை வழுக்கிவிட்டது என்றே அந்தப் பெரியவர் பிறரிடம் சொன்னார். எந்த ஏட்டிலும் நம் பெயர் ஏறவில்லை. ஆனால் அன்றுமுதல் அந்த வளைவு நமக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

இனி, இளைஞர்கள் வழக்கமாகக் கூறும் மூன்று வாதங்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: “உயிர் எம்முடையது, ஆபத்தும் எம்முடையதே.” பந்தயத் திடலில் இவ்வாதம் ஓரளவு செல்லும். திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரின் கரி திடலிலும் வண்டிகள் எல்லாம் ஒரே திசையில் செல்கின்றன. விழுந்தால் உருண்டு நிற்க வெற்றிடம் உண்டு. கொடி காட்டுவோர் உண்டு. மருத்துவ வண்டி காத்திருக்கிறது. அங்கு வருபவர் யாவரும் அறிந்தே வருகின்றனர். பொதுச்சாலையிலோ பால்காரர் வருகிறார். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆட்டு மந்தை வருகிறது. நம் துணிவுக்கு அவர்கள் கையொப்பம் இடவில்லை. அவர்களுடைய உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கும் உரிமையை நமக்கு யார் தந்தது? வள்ளுவப் பெருந்தகை ‘இன்னா செய்யாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். வேண்டுமென்று செய்யும் தீங்கை மட்டும் விலக்கினால் அந்த அறம் நிறைவேறிவிடாது. விளையக்கூடும் என்று அறிந்தும் பொருட்படுத்தாமல் செய்யும் தீங்கையும் விலக்க வேண்டும் என்பதே நம் துணிபு.

இரண்டாம் வாதம்: “எமக்குத் திறமை உண்டு.” இருக்கலாம். ஆனால் இயற்கையின் கணக்கு திறமையாளனுக்கென்று தனியாக இல்லை. நல்ல உலர்ந்த தார்ச்சாலையில், ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு வினாடி ஆகும் எனக் கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்க ஏறத்தாழ 21 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டரில் ஏறத்தாழ 40 மீட்டர். 80 கிலோமீட்டரில் 63 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மழை பெய்தாலோ இன்னும் நீளும். பாறை மறைக்கும் வளைவில் நம் கண்ணுக்குத் தெரிவது 30 மீட்டர் எனில், 60 கிலோமீட்டரில் செல்பவர், காணாத 10 மீட்டரை ஊழின் கையில் விட்டுச் செல்கிறார் என்பதே பொருள்.

சாய்வின் கணக்கும் அவ்வாறே. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கிலோமீட்டரில் கடக்க வண்டி ஏறத்தாழ 23 பாகை சாய வேண்டும். 60 கிலோமீட்டரில் 43 பாகை. சாலையில் ஓடும் சாதாரண டயரின் பிடிப்பு, தார் உலர்ந்திருக்கும்போதே, 45 பாகையை ஒட்டி முடிந்துவிடும். ஆகவே 60 கிலோமீட்டரில் செல்பவரிடம் மிச்சம் என்று ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி மணல், லாரி சிந்திய டீசல், ஈரச் சருகு, இவற்றில் ஒன்று போதும். அந்நேரத்தில் பிரேக்கையும் அழுத்தினால், திரும்புவதற்கும் நிற்பதற்கும் ஒரே பிடிப்பைப் பங்கிட வேண்டியிருப்பதால் இரண்டுமே கைகூடாமற் போகும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமான ஏ.பி.எஸ். அமைப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது.

திறமையின் எல்லைக்கு வரலாற்றிலும் சான்றுண்டு. அரேபிய லாரன்ஸ் என்று புகழ்பெற்ற டி. ஈ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் பெரும் பற்றுடையவர்; கைதேர்ந்த ஓட்டுநர். 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், சாலையின் ஒரு தாழ்வு மறைத்திருந்த இரு சைக்கிள் சிறுவர்களைத் திடீரெனக் கண்டு விலகியவர் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் கழித்து, 46-ஆம் வயதில், தலைக்காயத்தால் மாண்டார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை வல்லுநர் அதன்பின் தலைக்கவசத்தைப் பற்றி ஆராய்ந்தார். 1941-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பிரிட்டிஷ் படையின் தூதஞ்சல் வீரர்கள் கட்டாயமாகத் தலைக்கவசம் அணிவதற்கு வழிவகுத்தது. மான் தீவின் மலைப்பாதையில் 1911 முதல் பந்தயம் நடக்கிறது. பிற வாகனங்களுக்குச் சாலையை அடைத்துவிட்டே நடத்துகின்றனர். ஓடுபவர்கள் உலகின் தேர்ந்த வீரர்கள். அப்பாதையில் மாண்டவர் தொகை 250-ஐக் கடந்துவிட்டது.

மூன்றாம் வாதம்: “குழி நிறைந்த சாலையும் கோடு தாண்டும் லாரியுமன்றோ குற்றவாளிகள்?” இதில் நியாயம் உண்டு. மறுக்கமாட்டோம். சாலையைச் செப்பனிடுமாறும், மறைந்த வளைவுகளில் கண்ணாடியும் எச்சரிக்கைப் பலகையும் வைக்குமாறும் அரசைக் கேட்பது குடிமக்கள் கடமை. எனினும் குழி உண்டு, லாரி வரும் என்று அறிந்தவரே விரைந்து சென்றால் அந்த அறிவினால் என்ன பயன்? மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியினர். மரணங்களில் நூற்றுக்கு 71-க்கு மிகைவேகமே காரணமாகக் குறிக்கப்பட்டது. தலைக்கவசம் அணியாமல் மாண்டவர் மட்டும் 50,029 பேர். வாய்க்காலில் விழுந்து கை முறிந்த அந்த அம்மையாரைப் போன்றோர் இக்கணக்கில் எங்கும் இல்லை.

நண்பர்களே! சங்கத்தின் பெயரால் செல்வது பற்றியும் ஒரு சொல். நாம் பிழைப்புத் தேடி இம்மண்ணுக்கு வந்தவர்கள். இம்மண் நமக்கு வேலை தந்தது, வீடு தந்தது. கண்டாலா மலைவழியில் சிங்ரோபா என்ற மேய்ப்பனுக்கு ஒரு சிறு கோயில் உண்டு. அம்மலையைக் கடக்கும் வழியை வெள்ளையருக்குக் காட்டியவன் அவன் என்பது இவ்வூர் வழக்கு. இன்றும் ஓட்டுநர்கள் அங்கே காசு போட்டுச் செல்கின்றனர். மேய்ப்பன் காட்டிய வழியில் மேய்ப்பர்களை அஞ்சி ஒதுங்கச் செய்துகொண்டு போவது, விருந்தினராய் வந்து உறவினராய் ஆனவர்க்கு அழகன்று.

எனவே விண்ணப்பத்தைத் தள்ளிவிடுக என்று நாம் கூறவில்லை. தடுத்தால் நம் பிள்ளைகள் சங்கத்துக்குத் தெரியாமல் செல்வார்கள். அது இன்னும் தீது. மும்பை–புனே விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. ஆகவே பழைய சாலையில்தான் செல்ல வேண்டும். கீழ்க்காணும் நிபந்தனைகளோடு சென்று வரலாம் என்பது நம் கருத்து.

ஒன்று, பயணம் மழைக்காலத்தில் வேண்டாம். கார்த்திகைக்குப் பின் சாலை உலர்ந்தபின் செல்க. இரண்டு, ஓட்டுபவரும் பின்னமர்பவரும் தலைக்கவசம் அணிந்து வார் பூட்டியிருக்க வேண்டும். உரிமம் இல்லாதவருக்கு இடமில்லை. வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோருக்கு மூன்றாண்டு வரையிலான சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டென்று 2019-இல் சட்டம் திருத்தப்பட்டதைப் பெற்றோர் மறவாதிருக்க. மூன்று, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகமே வேகம். வளைவுக்குள் நுழையுமுன் வேகத்தைக் குறைத்திடுக. நான்கு, வலப்புற வளைவில் சக்கரம் மட்டுமன்றித் தலையும் கோட்டுக்கு இப்பால் இருக்கட்டும். ஐந்து, குறுகிய இடத்தில் இறங்குபவர் ஏறுபவருக்கு வழி விடுக. ஆறு, எவரும் எவரையும் முந்த வேண்டாம். நேரம் குறிக்க வேண்டாம். அரசின் எழுத்து வடிவ இசைவின்றிப் பொதுவிடத்தில் வண்டிப் பந்தயம் நடத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். ஏழு, வழியில் எவர் விழுந்து கிடந்தாலும் நின்று உதவுக. நல்லெண்ணத்தோடு உதவுபவரைச் சட்டமே காக்கிறது.

பந்தயம் விரும்பும் இளைஞர் இருப்பின், அவர்கள் முறையான திடலில் பயிற்சி பெறச் சங்கம் பொருளுதவி செய்யட்டும். அதற்கு நம் சிறு காணிக்கையையும் இன்றே பொருளாளரிடம் அளிக்கிறோம்.

இந்நிபந்தனைகளை இளைஞர் பிரிவினர் ஏற்பாராயின், செயற்குழுவில் ஆதரவாக முதலில் உயரும் கை நம்முடையதாக இருக்கும். அதுமட்டுமன்று, அனுமதி கிடைப்பின் நாமும் நம் பழைய வண்டியைத் துடைத்தெடுத்து, வரிசையின் கடைசியில் வருவோம். வேகத்தில் பின்தங்குவோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். அமிர்தாஞ்சன் பாலம் இருந்த இடத்தை அடுத்த அந்த வளைவில் ஒரு கணம் ஓரமாக நிற்கவும் நமக்கு அனுமதி தருக.