அஞ்சல் வழி விற்பனையும் மாநிலங்களின் வரி உரிமையும்

ஒருவர் தம் ஊர்க் கடையில் பொருள் வாங்கும்போது, அதன் மீதான வரி எந்த மாநிலத்தைச் சேரும் என்ற ஐயம் எழுவதில்லை. விற்பவர் ஒரு மாநிலத்திலும் வாங்குபவர் வேறொரு மாநிலத்திலும் இருந்து, அஞ்சல் வழியாகவோ கணினி வழியாகவோ விற்பனை நடைபெறும்போதுதான் அந்த வினா எழுகிறது. சரக்கு புறப்பட்ட மாநிலத்துக்கு வரி உரியதா, போய்ச் சேர்ந்த மாநிலத்துக்கு உரியதா?

இவ்வினா நம் நாட்டுக்குப் புதியதன்று. கல்கத்தாவில் இயங்கிய பெங்கால் இம்யூனிட்டி கம்பெனிக்குப் பீகாரில் அலுவலகமோ கிடங்கோ முகவரோ இல்லை. வந்த ஆர்டர்களைக் கல்கத்தாவிலேயே ஏற்று, அங்கிருந்து மருந்துகளை அனுப்பி வந்தது. ஆயினும், பதிவு செய்துகொண்டு விற்பனை வரி செலுத்துமாறு பீகார் கோரியது. சரக்கு நுகர்வுக்காக ஒப்படைக்கப்படும் மாநிலம் வரி விதிக்கலாம் என்று 1953இல் யுனைடெட் மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 1955இல் அது தன் கருத்தை மாற்றிக்கொண்டது. பாராளுமன்றம் சட்டத்தின் மூலம் வழிவகுக்கும் வரை, மாநிலங்களுக்கிடையிலான விற்பனையின் மீது எந்த மாநிலமும் வரி விதிக்கலாகாது என்று 7 நீதிபதிகளுள் நால்வர் தீர்ப்பளித்தனர்.

இதன் விளைவாக 1956இல் அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தமும் மத்திய விற்பனை வரிச் சட்டமும் பிறந்தன. வரி, சரக்கு புறப்பட்ட மாநிலத்துக்கே சேர்ந்தது. தொழில் வளமுள்ள மாநிலங்கள் பயன்பெற்றன. பொருளை வாங்கி நுகரும் மக்கள் வாழும் மாநிலங்கள் இழந்தன. பதிவு பெற்ற வணிகர் உரிய படிவம் அளித்துக் குறைந்த விகிதத்தில் வரி செலுத்தி வாங்க முடிந்தது. அஞ்சலில் வரவழைக்கும் குடும்பத்தினருக்கு அச்சலுகை இல்லை.

2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி இம்முறையை மாற்றியது. சரக்கின் பயணம் முடியும் மாநிலமே வழங்கல் நிகழும் இடமாகும். ஒருங்கிணைந்த வரியில் மாநிலப் பங்கு அதற்கே சேர்கிறது. இணையச் சந்தையை நடத்தும் நிறுவனம், தன் வழியே விற்போரின் வரிக்குரிய நிகர விற்பனை மதிப்பில் ஒரு பகுதியைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். 2018 அக்டோபரில் 1 சதவிகிதமாகத் தொடங்கிய இப்பிடித்தம் 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவிகிதமாயிற்று.

நுகரும் மாநிலத்துக்கு நியாயம் கிட்டியது. சிறு விற்பனையாளரின் சுமையோ முற்றிலும் நீங்கவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் சரக்கு மட்டும் விற்பவர், ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டும் வரை பதிவு செய்ய வேண்டியதில்லை. 2023 அக்டோபர் 1 முதல், அத்தகையோர் சேர்க்கை எண் ஒன்றைப் பெற்று, பதிவின்றியே இணையச் சந்தையிலும் விற்கலாம். ஆனால் விற்பனை தம் மாநிலத்துக்குள்ளேயே அமைதல் வேண்டும். அவ்வழியே அண்டை மாநிலத்துக்கு ஒரு பொருளை அனுப்பினாலும் பதிவும் கணக்குத் தாக்கலும் கட்டாயமாகின்றன.

வரி உரிய மாநிலத்தைச் சேர வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்கான கணக்கை வைப்பதற்குப் பெருநிறுவனங்களிடம் வசதியுண்டு; வீட்டிலிருந்தபடி விற்பவரிடம் இல்லை. எல்லை கடந்த சிறு விற்பனைக்கும் எளிய வழி காணும்போதுதான், நாடு முழுவதும் ஒரே சந்தை என்னும் குறிக்கோள் அவருக்கும் உண்மையாகும்.