பானெட்டைத் திறந்தால் புரிந்த காலம்

(பட்டிமன்றத் தலைப்பு: கார் வைத்திருப்பவருக்கு அதிக நிம்மதி தந்தது அன்றைய காரா, இன்றைய காரா? 'அன்றைய காரே' அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! இன்றைய காரைப் பற்றிப் பேசிப் பேசி, எந்தக் கம்பெனிக்காரராவது கேட்டிருந்தால் உடனே விற்பனை மேனேஜராகச் சேர்த்துக் கொண்டிருக்கக்கூடிய எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) குடும்பத்தோடு வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் காலத்து அம்பாசிடரிலே மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு இடத்திலேகூட நிற்காமல் வந்தவங்க கை தூக்குங்க" என்றார். யாரும் தூக்கலே. நானும் தூக்கலே. ஐயா, ஒத்துக்கிறோம். அன்றைய கார் நின்றது. விழுப்புரத்திலே நின்றது. திண்டிவனத்திலே நின்றது. டீக்கடை இருக்கிற இடத்திலேயும் நின்றது, இல்லாத இடத்திலேயும் நின்றது. (சிரிப்பு) சித்திரை வெயிலிலே பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவியாகிப் போய் இன்ஜின் அடங்கிப் போகும். ஈரத் துணியைப் பம்ப் மேலே சுற்றி, ஒரு டீ குடிச்சிட்டு வந்தா மறுபடி கிளம்பும். தண்ணி கேனும் பழைய துண்டும் இல்லாம அந்தக் காரிலே யாரும் ஊருக்குப் புறப்பட்டதே கிடையாது.

இன்னொன்றையும் ஒத்துக்கிறேன். ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக், சீட் பெல்ட்... உயிரைக் காப்பாற்றுகிற விஷயத்திலே இன்றைய கார் ஒரு படி இல்லே, பத்துப் படி மேலே. அதிலே எனக்கு வாதமே கிடையாது. ஆனால் நடுவர் ஐயா, இன்றைக்குத் தலைப்பு என்ன? நிம்மதி. நிற்காமல் ஓடுவது ஒரு நிம்மதிதான். ஆனால் நின்று போனால் என்ன ஆச்சுன்னு தெரியணும், யார் சரி பண்ணுவாங்கன்னு தெரியணும், எவ்வளவு ஆகும்னு தெரியணும். அது வேறே ஒரு நிம்மதி. முதல் நிம்மதியைக் கொடுத்துட்டு, இரண்டாவது நிம்மதியைப் பறிச்சுக்கிட்டுப் போனது யாருன்னுதான் நான் கேட்கிறேன். (கைதட்டல்)

எங்க அப்பா வாடகைக் கார் ஓட்டினவர். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்திலே எங்க வண்டி நிற்கும். அம்பாசிடர் மார்க் டூ. அது எங்க கைக்கு வரும்போதே மூணு கை மாறின வண்டி. எங்க அம்மா சொல்வாங்க, "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட உங்க அப்பா இவ்வளவு நேரம் பார்க்கலே. அந்தக் காரைச் சுத்திச் சுத்தி வந்து அரை நாள் பார்த்தாரு"ன்னு. (சிரிப்பு)

1984-ஆம் வருஷம். எனக்குப் பத்து வயசு. ஒரு தடவை எங்களையெல்லாம் ஏத்திக்கிட்டுக் கொடைக்கானல் புறப்பட்டார். பெருமாள்மலைக்கு நாலு கிலோமீட்டர் இருக்கு. 'பட்'டுன்னு ஒரு சத்தம். கொஞ்ச நேரத்திலே முன்னாலே ஒரே புகை. ஃபேன் பெல்ட் அறுந்து போச்சு. அந்தப் பெல்ட்தான் ரேடியேட்டர் ஃபேனையும் தண்ணி பம்ப்பையும் சுத்தணும். அது இல்லேன்னா மலையிலே வண்டி ஏறாது, கொதிச்சுப் போகும். செல்போன் இல்லாத காலம், பொழுது வேறே சாயுது.

அப்பா பானெட்டைத் தூக்கினார். ஒரு நிமிஷம் பார்த்தார். திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா கட்டியிருந்தது நைலக்ஸ் சேலை. அந்தக் காலத்துத் தாய்மார்களுக்குத் தெரியும், கிழியவே கிழியாது. "மாத்துச் சேலை இருக்கில்லே?"ன்னு கேட்டார். (பலத்த சிரிப்பு) அம்மாவுக்கு விஷயம் புரியறதுக்குள்ளே பையிலேயிருந்த இன்னொரு நைலக்ஸ் சேலையை எடுத்து, ஒரு முழ அகலத்துக்கு நீளமாக் கிழிச்சு, கயிறு மாதிரி முறுக்கி, அந்த மூணு சக்கரத்திலேயும் சுத்தி இறுக்கி முடிச்சுப் போட்டார். மெதுவா உருட்டிக்கிட்டே பெருமாள்மலை போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு ஒர்க்ஷாப்பிலே புதுப் பெல்ட் போட்டாங்க. காரைப் பொறுத்தவரை விஷயம் அன்றைக்கே முடிஞ்சது. சேலையைப் பொறுத்தவரை நாற்பது வருஷம் ஆகியும் முடியலே. (சிரிப்பு) இன்றைக்கும் எந்தச் சண்டை வந்தாலும் அம்மா கடைசியிலே வந்து நிற்கிற இடம் அந்தப் பெருமாள்மலைதான்!

இதை வீர சாகசமாகச் சொல்லலே ஐயா. மூணாவது வரைக்கும் படிச்ச ஒரு மனுஷருக்கு, தன் வண்டியிலே எது எதைச் சுத்துதுன்னு தெரிஞ்சிருந்தது. பானெட்டைத் திறந்தால் தரை தெரியும். இதுதான் கார்புரேட்டர், இது டிஸ்ட்ரிபியூட்டர், இது பாயிண்ட்னு விரல் வெச்சுக் காட்டலாம். இன்றைய காரிலே பானெட்டைத் திறந்தால் என்ன தெரியுது? ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதுக்கு மேலே கம்பெனி பேரு! (சிரிப்பு, கைதட்டல்)

இப்போ எங்க வீட்டுக் காருக்கு வர்றேன். கம்பெனி பேரு வேண்டாம். வாங்கி நாலு வருஷம். போன அரையாண்டு லீவிலே பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வந்தோம். காரைத் தெருவிலேயே நிறுத்திட்டு ரயிலிலே போனோம். வந்து ஸ்டார்ட் பண்ணினா, முன்னாலே மஞ்சள் கலரிலே ஒரு விளக்கு எரியுது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. எங்க வீட்டுக்காரர் அதைத் துணியாலே துடைச்சுப் பார்த்தார். (சிரிப்பு)

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனோம். ஏ.சி. ரூம், காபி, சோபா எல்லாம் இருக்கு. பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி உள்ளே அழைச்சிட்டுப் போயிட்டாங்க, வண்டியை. நாங்க கண்ணாடிக்கு வெளியே நிற்கிறோம். ஒரு தம்பி கையிலே டேப்லெட்டோட வந்தார். "மேடம், ஸ்கேன் பண்ணிட்டோம். வயரிங் ஹார்னெஸ் மாத்தணும்." அப்படீன்னா? "முழு வயர்க் கட்டு மேடம்." ஒரு வயர்தானேப்பா போயிருக்கும்? "தனி வயரா வராது மேடம். செட்டாத்தான் வரும்." எவ்வளவு? ஐம்பத்தெட்டாயிரம்!

நடுவர் ஐயா, எங்க வீட்டுக்காரர் சோபாவிலே உட்கார்ந்துட்டார். அந்தக் காபி எதுக்குக் கொடுக்கிறாங்கன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. (பலத்த சிரிப்பு)

"யோசிச்சு வர்றோம்"னு சொல்லி வண்டியை எடுத்துக்கிட்டு வந்தோம். தெருமுனையிலே ஒரு ஆட்டோ எலக்ட்ரிஷியன். கை அகலத்திலே அவரும் ஒரு ஸ்கேனர் சொந்தக் காசிலே வாங்கி வெச்சிருக்கார். அதைச் செருகிப் பார்த்தார். அப்புறம் டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டுக் குனிஞ்சார். முக்கால் மணி நேரம் நிமிரவே இல்லே. நிமிர்ந்ததும் அவர் சொன்னது ஒரே வார்த்தை. "எலி." (சிரிப்பு) பத்து நாள் சும்மா நின்ன வண்டிக்குள்ளே எலி குடித்தனம் வந்து, ஒரு சென்சாருக்குப் போற இரண்டு வயரைக் கடிச்சிருக்கு. வெட்டி, ஒட்டு வெச்சு, சால்டர் பண்ணி, டேப் சுத்தி, மேலே உறை போட்டுக் கொடுத்தார். எண்ணூற்று ஐம்பது ரூபாய். விளக்கு அணைஞ்சது. இப்போ எங்க டிக்கியிலே ஜாக்கி இருக்கு, ஸ்டெப்னி இருக்கு, கூடவே ஒரு எலிப்பொறியும் இருக்கு.

அந்த டேப்லெட் தம்பி ஏமாத்தினார்னு நான் சொல்ல மாட்டேன். அவர் பிழைப்பு அது. ஒரு வயர் தனியா விற்பனைக்கே வரலேன்னா அவர் எங்கே போவார்? ஹெட்லைட்டைப் பிடிக்கிற சின்னக் காது ஒன்று உடைஞ்சாலும் முழு லைட்டையும் மாத்தச் சொல்றாங்களே, அதுவும் இதே கதைதான். அம்பாசிடருக்கு இரும்பு பம்பர். நசுங்கினா டிங்கர் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுப்பார். இன்றைக்கு பம்பர் பிளாஸ்டிக். இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைப்பீங்க. சாதாரண பாலிசியிலே பிளாஸ்டிக், ரப்பர் இதுக்கெல்லாம் தேய்மானம்னு பாதியைக் கழிச்சிட்டு மீதிப் பாதிதான் தருவாங்க. 'ஜீரோ டெப்' அல்லது 'பம்பர் டு பம்பர்'னு தனியாப் பணம் கட்டியிருந்தால்தான் இந்தக் கழிவு இல்லே. பாலிசியை வீட்டிலே போய் எடுத்துப் பாருங்க.

எதிரணி நண்பர் ஒருத்தர், "வெளியிலே கை வெச்சா வாரண்டி போயிடும், அதனாலே கம்பெனிதான் நமக்குக் காவல்"னு சொன்னார். ஐயா, அதுக்குத்தான் வர்றேன். 2014-ஆம் வருஷம் மூணு விஷயம் நடந்தது. ஜனவரியிலே மாருதி 800 உற்பத்தி நின்றது. 1983 டிசம்பரிலே வந்த வண்டி. அதிகம் ரிப்பேரும் ஆகாது, ஆனாலும் எந்த மரத்தடியிலேயும் சரி பண்ணலாம். அதே வருஷம் மே மாசம் மேற்கு வங்காளத்திலே உத்தர்பாராவிலே அம்பாசிடர் தொழிற்சாலை நின்றது. மூணாவது, ஆகஸ்ட் மாசம் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு உத்தரவு போட்டது. உதிரி பாகங்களையும், ரிப்பேருக்கு வேண்டிய தொழில்நுட்ப விவரங்களையும் வெளிச்சந்தைக்குத் தராமல் அடைச்சு வெச்சதுக்காக 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம்! கம்பெனிகள் சும்மா இருப்பாங்களா? எதிர்த்து மேலே போனாங்க, அது வேறே கதை.

அந்த உத்தரவிலே இன்னொன்றும் இருக்கு. வெளி மெக்கானிக்கிடம் காட்டின ஒரே காரணத்துக்காக வாரண்டி மொத்தத்தையும் ரத்து பண்ணக் கூடாது. வெளியிலே செய்த தப்பான வேலையாலே எந்தச் சேதம் வந்ததோ, அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம்னு ஆணையம் சொன்னது. நண்பரே, காவல்காரரே சாவியை ஒளிச்சு வெச்சா அவரை எப்படிங்க காவல்னு சொல்றது? (கைதட்டல்)

வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலே சென்னையிலே எத்தனை கார் முழுகிச்சு! என் கொழுந்தனார் தண்ணி வடிஞ்சதும் ஆசையா ஸ்டார்ட் பண்ணினார். இன்ஜினுக்குள்ளே புகுந்த தண்ணியைக் காற்று மாதிரி அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைஞ்சு போச்சு. இன்சூரன்ஸிலே, "தண்ணி உங்க குத்தம் இல்லே, ஸ்டார்ட் பண்ணினது உங்க குத்தம்"னு இன்ஜினுக்குக் கையை விரிச்சிட்டாங்க. இன்ஜின் பாதுகாப்புன்னு தனிச் சேர்க்கை எடுத்திருந்தால் கிடைச்சிருக்கும். முழுகின வண்டியைச் சாவி போடாம கட்டி இழுத்துட்டுப் போகணும், தாய்மார்களே, உங்க வீட்டுக்காரர்கிட்டே சொல்லி வையுங்க. 2024 அக்டோபரிலே மழைன்னு சொன்ன உடனே வேளச்சேரி மேம்பாலத்திலே வரிசையாக் காரைக் கொண்டு போய் நிறுத்தினாங்களே, எல்லோரும் சிரிச்சோம். நான் சிரிக்கலே. அடிபட்டவன் அங்கேதான் நிறுத்துவான். பாலத்து மேலே காரையும், கட்டில் மேலே தன்னையும் வெச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிறதுக்குப் பேரு நிம்மதியா நடுவர் ஐயா? (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியா ஒன்று. எங்க அப்பாவுக்கு வத்தலக்குண்டிலே ஒரு மெக்கானிக். பாய்னுதான் கூப்பிடுவோம். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே, "அண்ணே, மூணாவது வால்வு"ன்னு சொல்வார். எந்தப் பாகத்தைக் கழட்டினாலும், பழசைப் பேப்பரிலே சுத்தி அப்பா கையிலே கொடுத்துடுவார். தையல்காரர் மிச்சத் துணியைத் திருப்பித் தர்ற மாதிரி. நான் இன்றைக்கும் எந்த சர்வீஸ் சென்டருக்குப் போனாலும், எஸ்டிமேட்டை எழுத்திலே கொடுங்க, கழட்டின பழைய பார்ட்டையும் கையிலே கொடுங்கன்னு கேட்பேன். ஒரு மாதிரிப் பார்ப்பாங்க. பார்க்கட்டும்.

பாய் இறந்து போனார். ஷெட்டை மூடிட்டாங்க. அவர் பையன் டிப்ளமா படிச்சவன், ஒரு சர்வீஸ் சென்டரிலே வேலை பார்க்கிறான். நல்ல சம்பளம், நல்ல யூனிஃபார்ம். போன வருஷம் ஒரு கல்யாணத்திலே பார்த்தேன். "அப்பா தொழிலையே பார்க்கிறியே, சந்தோஷம்பா"ன்னேன். அவன் சொன்னான்: "இல்லேக்கா. அப்பா ரிப்பேர் பண்ணினாரு. நான் மாத்துறேன்." (சிறு மௌனத்துக்குப் பின் கைதட்டல்)

நடுவர் ஐயா மணி அடிச்சிட்டீங்க. முடிச்சுக்கிறேன். எங்க அணிக்கு நல்ல தீர்ப்பு வழங்கணும்னு கேட்டுக்கிறேன். சீக்கிரம் வழங்கினா இன்னும் நல்லது. எங்க வீட்டுக்காரர் வெளியிலே காரோட நிற்கிறார். இப்பத்தான் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். மறுபடியும் மஞ்சள் விளக்கு எரியுதாம்! (பலத்த சிரிப்பு)